சர்வர் டிஸ்கில் 1.3 டிபி எங்கே போனது?

வணக்கம். பண்டாரவளையில் எங்கள் ஆய்வுக்குழு பொதுவில் பாவிக்கும் சர்வரில் டிஸ்க் 100% நிறைந்து நிற்கிறது. உபுண்டு 22.04, ரூட் (சிஸ்டம் ஃபைல்கள்) உட்பட எல்லாம் ஒரே 4 டிபி டிஸ்கில், ஈஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம். டிஸ்கில் மொத்தம் எவ்வளவு நிறைந்தது என்று காட்டும் டிஎஃப் (df) 3.6 டிபி என்கிறது. ஃபைல்களின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூவை (du) ரூட்டாக, அதாவது அட்மினாக, ஓட்டினால் 2.3 டிபிதான்.

போன ஞாயிறு மழையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, மெஷின் பிறகு தானாக எழும்பியது. பேக்கப் யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை (அதற்கான ஃபோல்டரோடு இணையவில்லை) என்று புதன் காலைதான் கண்டேன். கையால் மவுண்ட் செய்தேன். பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் (rsync) தினமும் இரவு 1 மணிக்கு ஓடும். அந்த மூன்று இரவும் அது எங்கே கொண்டுபோய்க் கொட்டியது? அதே பெயர் ஃபோல்டருக்குள், மெயின் டிஸ்கிலேயே என்று சந்தேகம்.

ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் உள்ள பதிவு) 9%தான் பாவனையில். அழித்தும் திறந்தே கிடக்கும் ஃபைல் இருக்கிறதா என்று எல்எஸ்ஓஎஃப்பில் பார்த்தேன், இல்லை. கொண்டா (பேக்கேஜ் நிறுவும் கருவி) கேஷ் 40 ஜிபி அழித்தும் மாணவர்களுக்கு இடம் பூச்சியம்தான் (5% ரூட்டுக்கு ஒதுக்கீடு, அது வேறு).

யூஎஸ்பி டிஸ்கிலிருந்து ஒருவர் மழைத் தரவு வாசித்துக்கொண்டிருக்கிறார், இன்னும் இரண்டு நாள் ஓடும். அதைக் கழற்றாமல், மவுண்டுக்கு அடியில் மறைந்திருக்கும் ஃபைல்களைப் பார்த்து அழிக்க வழி உண்டா?