கடைக்கு மேலுள்ள ஃப்ளாட்டுக்கு ஈபிசி 36, எஃப் தரம்: வாடகைக்கு விட முடியவில்லை

ஈஸ்ட்ஹாம்_கடை:

வணக்கம். லண்டன் ஈஸ்ட்ஹாமில் எங்கள் அப்பா வாங்கிய பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே கடை, மேலே இரண்டு படுக்கையறை ஃப்ளாட். ஃப்ளாட்டில் நெடுநாள் இருந்த குடும்பம் காலி செய்துவிட்டது. புதியவர்களுக்கு விடுவதற்காக ஈபிசி, அதாவது கட்டடத்தின் ஆற்றல் திறன் சான்றிதழ், எடுத்தால் 36 புள்ளி, எஃப் தரம் என்று வந்திருக்கிறது. ஈ தரமாவது இல்லாமல் விளம்பரம் போட மாட்டேன் என்கிறார் ஏஜென்ட்.

சுவர்களுக்கு உள்பக்கமாக இன்சுலேஷன் பலகை அடிக்க ஒருவரிடம் விலை கேட்டேன். 11,000 பவுண்ட்ஸ் சொல்கிறார். அறைகளும் சிறுத்துப்போகும். அப்பாவின் ஓய்வுக்காலச் செலவே இந்த வாடகையில்தான் ஓடுகிறது. வேறு வழி உண்டா?

சான்றிதழில் உள்ளவை:
சுவர்: திடச் செங்கல், இன்சுலேஷன் இல்லை (ஊகம்)
கூரை: சாய்வுக்கூரை, இன்சுலேஷன் இல்லை (ஊகம்)
தரை: வெப்பமூட்டப்படாத இடத்துக்கு மேல், இன்சுலேஷன் இல்லை (ஊகம்)
ஹீட்டிங்: எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் ஹீட்டர்கள்
சுடுநீர்: இம்மர்ஷன் (தொட்டிக்குள் உள்ள மின் ஹீட்டர்), சாதாரணக் கட்டணம்
விளக்குகள்: 20 சதவீதம் குறைமின் விளக்குகள்

குரொய்டன்_தம்பி:

அண்ணா, காஸ் பாய்லர் போட்டால் தரம் கட்டாயம் ஏறும். என் மாமா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள்.

ஈஸ்ட்ஹாம்_கடை:

மேலே காஸ் லைனே இல்லை தம்பி. கீழே கடைக்கும் இல்லை.

லூட்டன்_அசெசர்:

வீடுகளுக்கு ஈபிசி எடுப்பதுதான் என் தொழில். பலகைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். சான்றிதழை வரி வரியாகப் பார்ப்போம்.

எஃப் என்றால் 21 முதல் 38 வரை. ஈ தரம் 39-இல் தொடங்குகிறது. உங்களுக்குக் குறைவது 3 புள்ளிதான். 2018 ஏப்ரல் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிய வாடகை ஒப்பந்தத்துக்கு ஈ தரம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தங்களுக்கும் அதுவே சட்டம். மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண்ட்ஸ் வரை கவுன்சில் அபராதம் போடலாம். ஏஜென்ட் மறுப்பது சரிதான்.

உங்கள் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது சுடுநீர் வரி. ஸ்டோரேஜ் ஹீட்டர் இரவு நேர மலிவு மின்சாரத்தில் சூடாகி, பகலில் வெப்பத்தை விடும் சாதனம். அந்த ஹீட்டர் இருக்கும் வீட்டில் சுடுநீருக்குச் 'சாதாரணக் கட்டணம்' என்று வந்திருக்கிறது என்றால், மீட்டரை ஒற்றைக் கட்டண மீட்டராகப் பதிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டு ஈபிசி புள்ளி எரிபொருள் செலவை வைத்துப் போடப்படுகிறது. இரவு மின்சாரத்தையும் பகல் விலையில் கணக்கிட்டால் புள்ளி கிடுகிடுவென இறங்கிவிடும். மீட்டரைப் போய்ப் பாருங்கள். இரண்டு ரீடிங் காட்டினால் அது எகானமி 7 வகை, அதாவது இரவுக்குத் தனி மலிவு விலை உள்ளது. இரண்டு ரீடிங்கும் தெரியும்படி படம் எடுங்கள், மின்சார பில்லையும் எடுத்து வையுங்கள்.

அடுத்தது 'ஊகம்' என்ற சொல். நாங்கள் கண்ணால் பார்த்ததையும் ஆவணத்தில் இருப்பதையும் மட்டும்தான் பதிய முடியும். வீட்டுக்காரர் வாயால் சொல்வதை ஏற்க அனுமதி இல்லை. பார்க்க முடியாத இடத்துக்குக் கட்டடத்தின் வயதை வைத்து மென்பொருளே ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். பழைய கட்டடத்துக்கு அது மோசமான மதிப்பாகத்தான் இருக்கும். கூரைக்கு அடியிலுள்ள லாஃப்டை, ஆய்வுக்கு வந்த அசெசர் திறந்து பார்த்தாரா?

மூன்றாவது தரை. கீழே கடை நடக்கிறது, அங்கே ஹீட்டிங் இருக்கிறது என்றால், 'வெப்பமூட்டப்படாத இடத்துக்கு மேல்' என்று போடக் கூடாது. வேறு நேரங்களில் வெப்பமூட்டப்படும் இடம் என்று தனியாக ஒரு தெரிவு இருக்கிறது. அதில் வெப்ப இழப்பு குறைவாகக் கணக்காகும்.

ஈஸ்ட்ஹாம்_கடை:

மிக்க நன்றி. மீட்டரைப் பார்த்தேன், இரண்டு ரீடிங் காட்டுகிறது. பில்லிலும் இரவு, பகல் என்று தனித்தனி விலை.

லாஃப்ட் வாசல் பின் அறையில், அலமாரிக்கு மேல் இருக்கிறது. அவர் வந்த அன்று வாடகைக்காரரின் சாமான்கள் அங்கே அடுக்கியிருந்ததால் திறக்கவில்லையாம். மேலே அப்பா போட்ட கம்பளி இன்சுலேஷன் கிடக்கிறது. கடைக்காரர் குளிர்காலம் முழுக்க ஹீட்டர் போடுவார். ஆனால் சான்றிதழ் ஏற்கனவே அரசின் இணையப் பதிவேட்டில் ஏறிவிட்டதே, இனி மாற்ற முடியுமா?

லூட்டன்_அசெசர்:

மாற்றலாம். முதலில் அந்த அசெசருக்கே எழுதுங்கள். கோபமாக வேண்டாம், மீட்டர் படத்தையும் பில்லையும் இணைத்து எந்த வரி பிழை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். அவர் அசைந்துகொடுக்காவிட்டால், அவரை அங்கீகரித்த அமைப்பின் பெயரும் தொடர்பும் சான்றிதழிலேயே இருக்கும். அங்கே முறையிடலாம். எங்கள் ஆய்வுகளைத் தணிக்கை செய்வது அவர்கள்தான்.

லாஃப்டுக்கு அவர் மறுபடி வரவேண்டியிருக்கும். அலமாரியை நகர்த்தி, ஏணி வைத்து, இன்சுலேஷன் கனத்தை அளக்கும்படி செய்யுங்கள். 270 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அவர் வருவதற்கு முன்பே மேலே இன்னொரு அடுக்கு விரித்துவிடுங்கள், சுவர்ப் பலகையோடு பார்த்தால் அது சிறிய செலவு. எல்லா பல்புகளையும் எல்இடியாக மாற்றுங்கள். சுடுநீர்த் தொட்டிக்கு உறை இல்லை என்றால் 80 மில்லிமீட்டர் உறை ஒன்று வாங்கிச் சுற்றுங்கள். அவர் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

ரெடிங்_மீனாட்சி:

ஒரு விஷயம் சேர்க்கிறேன். எல்லாம் செய்தும் 39 வரவில்லை என்றாலும் வீட்டுக்காரர் தலையில் எல்லையில்லாத செலவு விழாது. வரி உட்பட 3,500 பவுண்ட்ஸ் தான் இப்போதுள்ள உச்சவரம்பு. அதற்குள் செய்யக்கூடியதைச் செய்த பிறகும் எஃப் என்றால் விலக்குப் பதிவேட்டில் பதிந்து 5 ஆண்டுகள் வாடகைக்கு விடலாம். ஆனால் பதியாமல் விட்டால் விலக்கு இல்லை. இதைச் சொல்லாமல் 11,000-க்கு வேலை விற்கப் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

லூட்டன்_அசெசர்:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. கூடவே இதையும் மனதில் வையுங்கள்: 2030-க்குள் வாடகை வீடுகள் சி தரத்துக்கு வரவேண்டும் என்று 2025 பிப்ரவரியில் அரசு முன்மொழிந்தது. அதனால் சுவர் வேலையை ஒரேயடியாக மறந்துவிட வேண்டாம். இன்று அவசரப்பட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. திடச் செங்கல் சுவரில் ஈரம் ஏறியிருக்கும்போது பலகையை அடித்து மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். குடியிருக்கப்போவது குழந்தைகளோடு ஒரு குடும்பமாக இருக்கலாம். முதலில் கூரையின் மழைநீர்ப் பீலியையும் செங்கல் இடைப்பூச்சையும் சரிபார்த்து, சுவர் காய்ந்த பிறகு யோசியுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_கடை:

அசெசர் மறுபடி வந்து பார்த்தார். நல்ல மனிதர், மறுக்கவில்லை. மீட்டர், லாஃப்ட், தரை மூன்றையும் திருத்தினார். லாஃப்டில் 100 மில்லிமீட்டர்தான் இருந்தது, அவர் வருவதற்கு முன்பே மேலே இன்னொரு அடுக்கு போட்டுவிட்டோம். பல்பும் மாற்றியாயிற்று. புதிய சான்றிதழ் 57, டி தரம். ஏஜென்ட் விளம்பரம் போட்டுவிட்டார். அப்பா உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

இப்போது கடை பற்றியும் பயம் வந்துவிட்டது. கடையின் ஈபிசி 2017-இல் எடுத்தது, 138, எஃப். எண் பெரிதாகத்தானே இருக்கிறது, அப்புறம் ஏன் எஃப்? லீஸ் புதுப்பிக்கும் நேரமும் வருகிறது.

லூட்டன்_அசெசர்:

கடைக்கு அளவுகோலே வேறு. வீட்டில் எண் கூடினால் நல்லது, வணிகக் கட்டடத்தில் எண் குறைந்தால் நல்லது. 0 முதல் 25 வரை ஏ, 101 முதல் 125 வரை ஈ, 126 முதல் 150 வரை எஃப். வணிகக் கட்டடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் லீஸுக்கும் 2023 ஏப்ரல் 1 முதல் ஈ தரம் கட்டாயம். அதனால் லீஸ் புதுப்பிக்கும் வரை காத்திருக்காதீர்கள். அபராதம் கட்டடத்தின் வரிமதிப்பைப் பொறுத்தது. மூன்று மாதத்துக்குக் குறைவான மீறலுக்கே குறைந்தது 5,000 பவுண்ட்ஸ், நீண்டால் 1,50,000 வரை போகலாம்.

ஆனால் வழி இருக்கிறது. கடை ஈபிசி கார்பன் வெளியீட்டை வைத்துப் போடப்படுகிறது. 2017-இல் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.519 கிலோ கார்பன் என்று கணக்கிட்டார்கள். 2022 ஜூனில் கணக்கு முறை மாறி, அது 0.136 ஆகிவிட்டது. உங்கள் கடையில் காஸ் இல்லை, எல்லாமே மின்சாரம். மறுபடி எடுத்தாலே எண் கணிசமாக இறங்க நல்ல வாய்ப்பு. வணிகக் கட்டடங்களுக்குத் தகுதி பெற்ற அசெசர் வேண்டும், என் போன்றவர்களால் அதை எடுக்க முடியாது. பதிவேற்றும் முன் எண் எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_கடை:

கடைக்காரர் தன் மூன்று பெரிய ஃப்ரிட்ஜ்களால்தான் எஃப் வந்தது என்று நினைத்து வருந்துகிறார். மாற்றச் சொல்லட்டுமா?

லூட்டன்_அசெசர்:

வேண்டாம். பால், இறைச்சி வைக்கும் ஃப்ரிட்ஜ் எதுவும் அந்தக் கணக்கில் வராது. கட்டடத்தின் சுவர், கண்ணாடி, ஹீட்டிங், ஏசி, காற்றோட்டம், சுடுநீர், விளக்கு இவைதான் கணக்கு. கடையில் இன்னும் டியூப்லைட் இருந்தால் அதை எல்இடியாக மாற்றிவிட்டு அசெசரைக் கூப்பிடுங்கள். விளக்குகளின் வாட் அளவு அச்சிட்ட பெட்டிகளையும் ரசீதையும் எறியாமல் வைத்திருங்கள்.