அடையாற்றங்கரைக்காரர்களே, உங்கள் சுவரில் உள்ள வெள்ளக் கறையின் அளவு வேண்டும்

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் உபரிநீர் திறந்தால் எச்சரிக்கை விநாடிக்கு இத்தனை கன அடி என்ற கணக்கில்தான் வருகிறது. 1 கன அடி என்றால் சுமார் 28 லிட்டர், சரி. ஆனால் 5,000 கன அடி வந்தால் ஜாபர்கான்பேட்டையில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும்? மக்களுக்கு வேண்டியது அந்தப் பதில்தான். 2015 டிசம்பர் 1 அன்று 29,000 கன அடி திறந்தபோது அது தெரியாமல்தான் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

ஏரித் திறப்பை மட்டும் பார்த்தாலும் போதாது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில்தான் சேர்கிறது. ஷட்டர் மூடியிருக்கும்போதும் ஆறு ஏறலாம்.

தெருவாரியாக ஓர் அட்டவணை போடுகிறோம், உதவுங்கள். 2015 கறை இன்னும் தெரிந்தால், வாசற்படியின் மேல் விளிம்பிலிருந்து டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். தயவுசெய்து சாலையிலிருந்து அளக்காதீர்கள். மேலே மேலே தார் போட்டு சாலை உயர்ந்துவிட்டதால் கணக்கு தப்பும்.

இந்த மழைக்கு, ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் சுவரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு பெயின்டில் போட்டு, அரை மணிக்கு ஒரு படம் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வெறும் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் அழிந்துவிடும். நேரத்தையும் தட்டச்சு செய்யுங்கள்.

இன்னொன்று: மழை நின்ற பிறகும் மழைநீர் வடிகால் மூடியின் ஓட்டை வழியாகக் கலங்கல் தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்தால், ஆறு எதிர்த்து வருகிறது என்று பொருள். அந்த நேரத்தைக் கட்டாயம் குறியுங்கள். குறித்ததும் படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்குப் போய்விடுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.