மறு: ‘ரொட்டேட்டர் கஃப்’ – சுழற்றுப்பட்டையா, தோள்கவ்வியா?

அன்புடையீர்,

தோள்மூட்டைச் சூழ்ந்து பிடிக்கும் நான்கு தசைகளின் தொகுதியை ஆங்கிலத்தில் ‘ரொட்டேட்டர் கஃப்’ (rotator cuff) என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘சுழற்றுப்பட்டை’ என்னும் முன்மொழிவு சொல்லுக்குச் சொல் சரியானதே எனினும், அதை ஏற்பதில் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. முதலாவது சிறியது. தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் தசைகளுக்கு இன்னொரு பட்டையைப் பெயராக்கினால், ‘தோள்பட்டையின் சுழற்றுப்பட்டை’ என்று எழுத நேரும். படிப்பவர் எலும்பையும் தசையையும் குழப்பிக்கொள்வார்.

இரண்டாவது தயக்கம் அத்தசைகளின் வேலையைப் பற்றியது. தோள்மூட்டில் மேற்கை எலும்பின் தலை பெரிது; அதை ஏந்தும் குழியோ சிறிது, ஆழமும் குறைவு. கையை இடைநிலையில் அசைக்கும்போது மூட்டைப் பிணைக்கும் நார்களும் தளர்ந்தே இருப்பதால், பந்து கிண்ணத்தை விட்டு நழுவாமல் காப்பது பெரும்பாலும் தசைகளின் பொறுப்பாகிறது. இத்தொகுதியின் நான்கு தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள் மூட்டுறையோடு ஒன்றிக் கலந்து, முன்னும் மேலும் பின்னுமாக எலும்புத்தலையைச் சூழ்ந்து, அதைக் குழிக்குள் அழுத்திப் பிடிக்கின்றன. கையை உயர்த்தத் தொடங்கும்போது தோளின் மேற்புறத்தை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை எலும்பை மேல்நோக்கி இழுக்கிறது. அந்த இழுப்பில் எலும்புத்தலையும் மேலேறிவிடாதபடி இவை உள்ளும் கீழுமாக இழுத்துச் சமன்செய்கின்றன.

சுழற்றுவதும் இவற்றின் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் நான்கில் ஒன்றான முள்மேல் தசை (supraspinatus) முதன்மையாகக் கையைப் பக்கவாட்டில் உயர்த்துவது. மார்புப் பெருந்தசையோ கையை உள்நோக்கிச் சுழற்றினாலும் இத்தொகுதியில் சேராது. ஆங்கிலப் பெயரிலேயே உள்ள இந்தக் கோணலைத் தமிழிலும் சுமப்பானேன்?

ஆகவே ‘தோள்கவ்வி’ என்பதை முன்வைக்கிறேன். ‘தோள்கவ்வித் தசைகள்’, ‘தோள்கவ்விக் கிழிசல்’ எனத் தொடர்களிலும் இடறாமல் வருகிறது. கிளாம்ப் என்னும் கருவிக்கும் கவ்வி என்றே எழுதுகிறார்களே என்று சிலர் தயங்கலாம். இறுகப் பிடித்தல் என்ற பொருள் படிப்பவர் மனத்தில் ஏற்கெனவே இருப்பது எனக்கு வசதியாகவே படுகிறது.

‘தசைவளையம்’ என்ற மாற்று யோசனையை மட்டும் ஏற்க இயலவில்லை. மூட்டின் அடிப்புறத்தில் இத்தசைகளின் அணைப்பு இல்லை. வளையம் அங்கே அறுந்து கிடக்கிறது. தோள் நழுவுகையில் எலும்புத்தலை பெரும்பாலும் முன்புறமாக, கீழ்நோக்கி வெளியேறுவதற்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம். கவ்விக்கு எப்போதும் ஒரு பக்கம் திறப்பு உண்டு.