5 நாளில் வரும் மலேசிய வேலைப் பாஸுக்கு 4 மாதம் காத்திருந்தேன்: உங்கள் கதை என்ன?

மலைக்கோட்டைப் பையன், கோலாலம்பூர்

2022இல் இங்கே ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை உறுதியானது. "எம்ப்ளாய்மென்ட் பாஸ் 5 வேலை நாளில் வந்துவிடும், ராஜினாமா கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். நானும் நம்பிக் கொடுத்துவிட்டேன். கேஎல்ஐஏ விமான நிலையத்தில் வந்து இறங்கியது 4 மாதம் கழித்து. அதில் பாதி நாள் அப்பா காசில்தான் சாப்பாடு.

5 நாள் என்றது பொய்யில்லை. விண்ணப்பம் முழுசாக உள்ளே போன பிறகு, சரியாக ஐந்தாவது வேலை நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. உள்ளே போவதற்குத்தான் அத்தனை நாள்.

நிறுவனம் அதுவரை வெளிநாட்டு ஆள் யாரையும் எடுத்ததில்லையாம். முதலில் குடிநுழைவுத் துறையில் வெளிநாட்டு ஊழியர்களைக் கவனிக்கும் ஈஎஸ்டி பிரிவில் பதிவு செய்ய வேண்டும். அது ஆனதும், மைஃபியூச்சர்ஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் என் வேலைக்கே விளம்பரம். உள்ளூரில் ஆள் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என்னை எடுக்கலாம். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு என் வேலைக்கான விளம்பரத்தை நானே தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் பங்கு. பாஸ்போர்ட்டில் 14 மாதம்தான் பாக்கி. பாஸ்போர்ட் எதுவரை செல்லுமோ அதைத் தாண்டி பாஸ் தர மாட்டார்கள் என்பது தெரியாது. தட்கலில் புதுசு வாங்கினேன். எல்லாப் பக்கமும் ஸ்கேன் வேண்டும், வெற்றுப் பக்கம் உட்பட என்றார்கள். புதுப் பாஸ்போர்ட் என்பதால் முதலும் கடைசியும் தவிர எல்லாமே வெற்றுப் பக்கம்தான். தில்லை நகர் ஜெராக்ஸ் கடைப் பையன் நாலு பக்கம் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான்: "அண்ணே, எதுலயும் ஒண்ணும் இல்லையே, ஒரு பக்கத்தையே முப்பது காப்பி போட்டுத் தரட்டா?" சரி என்று சொல்லப் போனவன், கீழே பொடி எழுத்தில் இருந்த பக்க எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடினேன்.

இன்றைக்கும் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. சம்பளம் 9,800 ரிங்கிட் பேசியிருந்தேன். அப்போதைய கணக்கில் 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகை, 5 வருடம் வரை பாஸ். அதற்குக் கீழே இரண்டாம் வகை, 2 வருடம்தான். 200 ரிங்கிட் சேர்த்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். இதைக் கையெழுத்துப் போடும் முன் ஒருத்தரும் சொல்லவில்லை.

பிஜே அக்கா

தம்பி, நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆள். பதினோரு வருஷமாக எச்ஆர். அந்த 5 நாள் ஆவணம் பூர்த்தியான பிறகு ஓடும் கடிகாரம். இடையில் ஒரு கேள்வி வந்தால் அந்தக் கணக்கெல்லாம் போச்சு.

கேள்வி பெரிய விஷயத்துக்கு வராது. போன வருஷம் ஒரு பையன். ஒப்பந்தத்தில் 'சீனியர் அனலிஸ்ட்', பாரத்தில் வெறும் 'அனலிஸ்ட்', அவன் தன்விவரத்தில் 'டீம் லீட்'. மூன்றும் ஒரே ஆள்தானா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என் மேல், பார்க்காமல் ஏற்றியது நான்தான். இன்னொரு தடவை ஒப்பந்தத்துக்கு 10 வெள்ளி (ரிங்கிட்டைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) முத்திரை வரி கட்ட மறந்து, அதுக்கு ஒரு வாரம்.

கம்பெனியின் செலுத்திய மூலதனத்தையும், அதாவது பங்குதாரர்கள் உண்மையிலேயே கட்டிய பணத்தையும், விசாரித்துக்கொள்ளுங்கள். முழுக்க உள்ளூர்க் கம்பெனி என்றால் குறைந்தது 2,50,000 வெள்ளி, முழுக்க வெளிநாட்டுக்காரர்களுடையது என்றால் 5,00,000. அது இல்லாமலே ஆள் எடுக்கிறேன் என்று கிளம்பும் முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன். கடப்பிதழ், பட்டச் சான்றிதழ் என்று பிள்ளைகள் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள், இங்கே மூலதனமே கட்டியிருக்காது.

பாயான் லெப்பாஸ்

பினாங்கில் என் கதை நேர் எதிர். கோவையில் உள்ள என் கம்பெனி, இங்கே ஒரு தொழிற்சாலையில் சோதனை இயந்திரம் பொருத்த அனுப்பியது. புரொஃபஷனல் விசிட் பாஸ், அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் ஊரில், வேலை இங்கே. நான் எந்தக் கவுன்டர் பக்கமும் போகவில்லை. பாஸ்போர்ட்டை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார், கொண்டு வந்து கொடுத்தார். 1972இலிருந்து சிப் தொழிற்சாலை நடத்துகிற வட்டாரம், எந்தக் காகிதம் எங்கே போக வேண்டும் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

சிக்கல் பிறகு வந்தது. வேலை பிடித்துப்போய் அந்தத் தொழிற்சாலையே என்னை எடுத்துக்கொள்கிறேன் என்றது. சரி, பாஸை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். மாற்றுவது என்ற பேச்சே இல்லை, இந்தப் பாஸில் இருக்கிறவன் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள். எல்லாம் முதலிலிருந்து. தண்ணீர்மலைத் தைப்பூசம் பார்க்க ஊரிலிருந்து வருவதாக இருந்த அம்மாவின் டிக்கெட்டும் அதோடு வீண்.

முன்னாள் ஐடி ஊழியன், செந்தூல்

வேலை மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். புதுப் பாஸ் ஒரு வாரம்தான் ஆனது. பழையதை ரத்து செய்வதில்தான் உயிர் போனது. வெளிநாட்டு ஆள் வேலையை விட்டால் நிறுவனம் வருமான வரி வாரியத்துக்கு அதைத் தெரிவிக்கும் பாரம் அனுப்ப வேண்டும், வரி பாக்கி இல்லை என்ற கடிதம் வரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்க வேண்டும். இது சட்டம், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் என் பழைய நிறுவனம் அந்தப் பாரத்தையே நான் மூன்றாம் முறை கேட்ட பிறகுதான் அனுப்பியது. வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன். ராஜினாமா கடிதத்தோடு சேர்த்து "வரி வாரியத்துக்குப் பாரம் எப்போது அனுப்புவீர்கள்?" என்று எழுத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 182 நாள் ஆகும்வரை நீங்கள் வரிக்கணக்கில் வெளியாள், நேராக 30 சதவீதம் பிடிப்பார்கள். நான் வருஷக் கடைசியில் வந்தவன், முதல் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டுத் தே தாரிக் குடிக்கக்கூட யோசித்தேன்.

பிஜே அக்கா

மூன்று வருஷம் இங்கே வேலை செய்து, 15,000 வெள்ளிக்கு மேல் வாங்குகிறவர்கள் ரெசிடென்ஸ் பாஸ்-டேலன்ட் பற்றியும் விசாரியுங்கள். 2011இல் கொண்டு வந்தது, 10 வருஷம் செல்லும். நிறுவனம் மாறினாலும் பாஸ் போகாது, மனைவியும் வேலை பார்க்கலாம். என்னிடம் வந்தவர்களில் தகுதி இருந்தும் இது தெரியாமலே பழைய பாஸையே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

மலைக்கோட்டைப் பையன், கோலாலம்பூர்

15,000 எங்கே அக்கா, நான் இன்னும் அந்த 200ஐ நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவதற்கு 3 மாதம் முன்பே புதுப்பிக்கக் கொடுக்கலாம் என்பதால் நேற்றே வேலையை ஆரம்பித்துவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். எல்லாப் பக்கமும் வேண்டும் என்று வாயெடுக்கும் முன்பே கடைக்காரர் "பெர்மிட்டா?" என்று கேட்டுவிட்டு, அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டார்.