வென்ற அரசு, கொடுத்த நிலத்தை ஏன் பறித்தது?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தைப் படித்து வருகிறேன். ஒரு நிகழ்வு மட்டும் விளங்கவில்லை. 1865 ஜனவரியில் சவானா நகரில் வென்ற வடக்குப் படையின் தளபதி ஷெர்மன் பிறப்பித்த சிறப்புக் களக் கட்டளை எண் 15, தென் கரோலினாவிலிருந்து ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை நீண்ட கடலோர நிலத்தை, அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற குடும்பங்களுக்குத் தலா 40 ஏக்கர் வரை ஒதுக்கியது. ஏறத்தாழ 40,000 பேர் அங்கே குடியேறி உழவும் தொடங்கிவிட்டார்கள். ஆனால், அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நிலம் பழைய தோட்ட முதலாளிகளிடம் திரும்பத் தொடங்கியது. போரில் வென்ற அரசு, தோற்றவர்களுக்காக இதை ஏன் செய்தது?

பதில் 1:
அந்தக் கட்டளை போர்க்கால ஏற்பாடு. மக்களுக்குக் கிடைத்தது அனுபவ உரிமைதானே தவிர முழுமையான கிரயப் பத்திரம் அன்று. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்ட பின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், மே 29 அன்று வெளியிட்ட மன்னிப்புப் பிரகடனத்தில், விசுவாச உறுதிமொழி எடுப்பவர்களுக்கு அடிமைகள் நீங்கலாக மற்ற சொத்துகள் திரும்பக் கிடைக்கும் என்றார். பெருஞ்செல்வர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் ஆயிரக்கணக்கில் மன்னிப்பு வழங்கப்பட்டது. விடுதலை பெற்றோருக்கான அரசு அமைப்பின் தலைவர் ஹோவர்ட் நிலத்தைக் காக்க முயன்றார். ஜான்சன் அதைத் தடுத்துவிட்டார். அக்டோபரில் எடிஸ்டோ தீவின் தேவாலயத்தில் கூடிய மக்களிடம், நிலத்தை விட்டுக்கொடுக்கும்படி சொல்ல வேண்டிய நிலை அதே ஹோவர்டுக்கே வந்தது.

இதன் கொடுமையை உணர, கட்டளைக்கு நான்கு நாள் முன்பு நடந்த சந்திப்பை நினைக்க வேண்டும். ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் சவானாவில் 20 கறுப்பினத் திருச்சபைத் தலைவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அவர்கள் சார்பில் பேசிய 67 வயது காரிசன் ஃபிரேசியர், தனக்கும் மனைவிக்குமாக 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகச் செலுத்தி விடுதலையை விலைக்கு வாங்கியவர். எங்களுக்கு நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் அதை உழுது பிழைத்துக்கொள்வோம் என்பதே அவர் சொன்ன விடையின் சாரம். அந்த நிலம் போனபின், பெரும்பாலோருக்கு மிஞ்சியது முன்னாள் எசமானர்களின் வயலில் கூலி ஒப்பந்தமும், பின்னர் கடனில் சிக்கவைத்த, விளைச்சலில் நில உரிமையாளருக்குப் பங்கு தரும் வாரச் சாகுபடியும்தான்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும், நிலம் எல்லா இடங்களிலும் பறிபோகவில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். 1861 நவம்பரிலேயே வடக்கின் கடற்படை போர்ட் ராயல் பகுதியைக் கைப்பற்றியது. வரி கட்டாமல் ஓடிய முதலாளிகளின் நிலங்கள், நாடாளுமன்றம் 1862இல் இயற்றிய சட்டத்தின்படி ஏலத்துக்கு வந்தன. செயின்ட் ஹெலினா தீவில் விடுதலை பெற்றோர் பணம் கொடுத்து வாங்கிய நிலங்கள், சட்டப்படியான உரிமை இருந்ததால், பல தலைமுறைகளுக்கு அவர்கள் குடும்பங்களிடம் நிலைத்தன.

1862 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ‘பிளான்டர்’ கப்பலைத் துணிந்து வடக்கின் பக்கம் ஓட்டிவந்து தன் குடும்பத்தை அடிமைத்தளையிலிருந்து மீட்ட ராபர்ட் ஸ்மால்ஸ், போஃபோர்ட்டில் முன்னாள் எசமானரின் வீட்டையே இப்படி வாங்கினார். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் வீடு அவரிடமே இருந்தது. ஆகவே, நிலத்தைத் திருப்பித் தந்தது சட்டத்தின் கட்டாயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாடாளுமன்றம் விரும்பியிருந்தால் உறுதியான பத்திரம் தந்திருக்க முடியும்.

பதில் 3:
நிலம் மட்டுமே அவர்களைக் காப்பாற்றியிருக்கும் என்றும் நான் நம்பவில்லை. 1873இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் கறுப்பினத்தவர் பெருந்திரளாகக் கொல்லப்பட்டபோது, தண்டிக்கப்பட்ட சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விடுவித்தது. உயிருக்கே காவல் இல்லாத இடத்தில் பத்திரத்தை யார் மதிப்பார்கள்?

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. செயின்ட் ஹெலினா பற்றி நான் அறிந்திருக்கவில்லை. இதைத் தேடும்போது இன்னொன்று கண்ணில் பட்டது: 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்த சட்டம், விடுவிக்கப்பட்ட ஒருவருக்கு 300 டாலர் வரை இழப்பீடு வழங்கியது. அந்தப் பணம் போனது, அவரை உடைமையாக வைத்திருந்தவரின் கைக்கு.