வெள்ளிக்கிழமை யார்?

குடும்பக் குழு: ஆங் மோ கியோ வீடு, சிங்கப்பூர்

செவ்வாய், இரவு 8.47

குமரன்: சமூக மருத்துவமனையிலிருந்து இன்று கூப்பிட்டுப் பேசினார்கள். அப்பாவை 21ஆம் தேதி அனுப்பிவிடுவார்களாம். தாதிமை இல்லமா, வீடா என்று இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

செல்வம்: இல்லத்துக்கே பதிவு செய்துவிடு. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். இடது பக்கம் செயலிழந்த மனிதரை வீட்டில் வைத்து யார் பார்ப்பது?

மாலா: அண்ணே, அத்தையை மறந்துவிட்டீர்களா?

மாலா: ஆறு கட்டில் போட்ட அறை. பகல் சாப்பாடு 11 மணிக்கு, இரவுச் சாப்பாடு நாலரைக்கு. ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஓடி ஓடித்தான் செய்தார்கள். ஆனால் அந்த மாடியில் தமிழ் பேச ஓர் ஆள் இல்லை. மூன்றாம் மாதம் போனபோது அத்தை நம்மிடமும் பேசவில்லை. பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது.

சித்தப்பா: தயிர், தயிர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள் பாவம்.

செல்வம்: அது 2014. இப்போது இல்லங்கள் எவ்வளவோ மாறிவிட்டன.

தீபா: மாறித்தான் இருக்கின்றன அண்ணே. நான் வேலை பார்க்கும் வார்டிலிருந்தே பலரை அனுப்பியிருக்கிறோம். நடு இரவில் கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுகிற மறதி நோயாளிகள், குழாய்வழி உணவு எடுப்பவர்கள், கூட யாருமே இல்லாதவர்கள், இவர்களுக்கு இல்லம்தான் சரி. பெரியப்பா அப்படி இல்லை. பேச்சு தெளிவாக இருக்கிறது, வலது கையால் தானே சாப்பிடுகிறார். குளிக்க, கழிவறைக்குப் போக, நடக்க, முக்கியமாக இந்த மூன்றுக்குத்தான் ஆள் வேண்டும்.

தீபா: இந்த மூன்றுதான் கணக்கு. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, மொத்தம் ஆறு. இதில் மூன்றுக்காவது நிரந்தரமாக உதவி தேவை என்று மதிப்பீட்டில் வந்தால் வீட்டுப் பராமரிப்பு மானியம் கேட்கலாம். குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். முன்பு மாதம் 400 வெள்ளி வரை இருந்தது, 2026 ஏப்ரலிலிருந்து 600 வரை என்று அறிவித்தார்கள்.

ரேவதி: மாமாவுக்கு எல்டர்ஷீல்டு காப்புறுதி இருக்குமே?

குமரன்: இல்லை அண்ணி. 2002இல் அது வந்தபோதே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். "நான் என்ன சீக்காளியா?" என்று அம்மாவிடம் சண்டை வேறு. அதற்குப் பின் வந்த கேர்ஷீல்டு லைஃபில் சேர்க்கலாம் என்றால் உடம்பு இப்படி ஆன பிறகு எடுக்க மாட்டார்கள்.

சித்தப்பா: அரசாங்கமே இருந்த வீட்டிலேயே முதுமையைக் கழியுங்கள் என்றுதானே சொல்கிறது. 2023 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ, முதியோருக்கான ஏஜ் வெல் எஸ்ஜி திட்டம் பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்குப் பத்தாண்டுக்கு 3.5 பில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள்.

மாலா: சித்தப்பா, நல்ல திட்டம்தான். கட்டிலும் கட்டடமும் கட்டுவதைவிட வீட்டில் வைத்துப் பார்ப்பது மலிவு. ஏன் மலிவு தெரியுமா? மகளுக்குச் சம்பளம் கிடையாது.

மாலா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமரன்: படித்துவிட்டேன் அக்கா.

மாலா: சரி, நாசூக்காகவே சொல்கிறேன். அம்மா படுத்திருந்த இரண்டு வருடமும் பகுதிநேர வேலைக்கு மாறியவள் நான். என் மத்திய சேமநிதிக் கணக்கைத் திறந்தால் அந்த இரண்டு வருடப் பள்ளம் இன்னும் தெரிகிறது. அப்பா வீட்டுக்கு வரட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் "மாலா இருக்கிறாளே" என்பதை இந்தத் தடவை யாரும் ஏற்பாடு என்று சொல்லாதீர்கள்.

செல்வம்: அப்போ பணிப்பெண் வைப்போம். முதியவர் இருக்கிற வீட்டுக்கு, அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 இல்லை, 60 வெள்ளிதான்.

குமரன்: மூவறை வீடு என்றாலும் படுக்கையறை இரண்டுதான் அண்ணே. ஓர் அறையில் அப்பா, இன்னொன்றில் நான். அந்தப் பெண் எங்கே படுப்பார், அடுப்படியிலா?

சித்தப்பா: புக்கிட் பாத்தோக்கில் 2021இல் விற்பனைக்கு விட்டார்களே, மூத்தோருக்கென்றே கட்டிய சமூகப் பராமரிப்பு வீடு. அவசரத்துக்கு 24 மணி நேரக் கண்காணிப்பு எல்லாம் உண்டு.

தீபா: அப்பா, அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் விண்ணப்பித்து, குலுக்கலில் கிடைத்து, கட்டி முடிக்கும் வரை காத்திருக்க வேண்டிய வீடு. பெரியப்பாவுக்கு 21ஆம் தேதி.

புதன், மதியம் 1.15

குமரன்: காலையில் நானே ஒரு பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தைப் போய்ப் பார்த்தேன். நம் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம்.

சித்தப்பா: நம் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே ஒன்று இருக்கிறதே? கேரம் விளையாடுகிறார்களே.

தீபா: அது துடிப்பாக மூப்படையும் நிலையம், நடமாடுகிறவர்களுக்கு. குமரன் சொல்வது வேறு. சக்கர நாற்காலியோடு வேனில் ஏற்றிப் போய், இயன்முறைச் சிகிச்சை கொடுத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள். வருமானத்தைப் பொறுத்து மானியம் உண்டு.

குமரன்: தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் இருக்கிறார். அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவரும் வருகிறார். அவர் பாடும் பாட்டைக் கேட்டே அப்பாவுக்கு எழுந்து நடக்கத் தோன்றிவிடும் என்று நினைக்கிறேன்.

செல்வம்: ராத்திரி விழுந்தால்?

தீபா: இல்லத்திலும் விழுகிறார்கள் அண்ணே. விழாமல் இருக்க என்ன செய்வது என்று பார்ப்போம். மூத்தோர் வீட்டை மாற்றியமைக்கும் ஈஸ் திட்டத்தில் குளியலறைக்குக் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, வாசலுக்குச் சரிவுப் பலகை போட்டுத் தருவார்கள். மூவறை வீட்டுக்குச் செலவில் 5 விழுக்காடு நாம் கட்டினால் போதும்.

மாலா: எனக்குப் பணக் கணக்கு வேண்டாம், மணிக் கணக்கு சொல்லுங்கள்.

குமரன்: நான் 6 மணிக்குக் கிளம்புகிறேன், வேன் 8 மணிக்கு வரும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு வீட்டுக்கே வந்து குளிப்பாட்டி, பசியாற வைக்கும் ஆளை அனுப்புகிறார்கள், மணிக்கு இவ்வளவு என்று. ராத்திரி என் பொறுப்பு. மாலை 5 மணிக்கு வேன் கொண்டுவந்து விடும், நான் வர 7.30 ஆகும். அந்த இடைவெளிதான் இடிக்கிறது.

மாலா: திங்கள், புதன் நான். அதற்கு மேல் முடியாது.

ரேவதி: செவ்வாயும் வியாழனும் நான் வருகிறேன் மாலா. வேலை முடிந்து நேராக வந்தால் 5 மணிக்கு அங்கே இருப்பேன்.

மாலா: நன்றி அண்ணி. நிஜமாகவே எதிர்பார்க்கவில்லை.

குமரன்: ஒரு சிக்கல். இப்போதுதான் அப்பாவிடம் பேசினேன். நான்கு நாள் போகச் சம்மதம். வெள்ளிக்கிழமை மட்டும் வேனில் ஏற மாட்டாராம். காலையில் ஒலி 96.8 வானொலி கேட்டுக்கொண்டே விளக்கு ஏற்றணுமாம், அப்புறம் கோயில். அம்மா போன பிறகு ஒரு வெள்ளிக்கிழமைகூட விளக்கு நின்றதில்லை என்கிறார்.

சித்தப்பா: எனக்கே முழங்கால் தகராறு. கோயிலுக்குத் துணைக்கு வருவேன், தூக்கி உட்கார வைக்க என்னால் ஆகாது.

மாலா: என்னைப் பார்க்காதீர்கள்.

செல்வம்: வெள்ளிக்கிழமைக்கு மட்டும் முழுநாள் ஆள் போடலாமே. நான் கொடுத்துவிடுகிறேன்.

மாலா: கொடுப்பீர்கள் அண்ணே, அது எனக்குத் தெரியும்.

புதன், இரவு 11.32

செல்வம்: வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகத்தில் எப்போதோ சொன்னார்கள். நான்தான் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா வீட்டிலிருந்தே பார்க்கலாமா?

குமரன்: இணையம் நன்றாகவே வரும். ஆனால் கழிவறைக்கு நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும் அண்ணே.

செல்வம்: எப்படித் தூக்குவது என்று எனக்குத் தெரியாது.

தீபா: தூக்கக் கூடாது. இடுப்பில் ஒரு பட்டை கட்டி, அவரையே எழ வைக்க வேண்டும். பெரியப்பா வார்டில் சொல்லித் தருவார்கள். சனிக்கிழமை 10 மணிக்கு வாருங்கள், நானும் வருகிறேன்.

மாலா: சட்டைக்கு முதலில் இடது கை, கழற்றும்போது முதலில் வலது கை. மாற்றிச் செய்தால் திட்டுவார்.

செல்வம்: சரி. சனி 10 மணி.