'சதர்ன் ராக் ஆபரா' ஆல்பத்தின் பழைய விமர்சனங்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழுவான டிரைவ்-பை டிரக்கர்ஸின் 'சதர்ன் ராக் ஆபரா' பற்றிக் கட்டுரை எழுதிவருகிறேன். 2001 செப்டம்பரில் குழுவினரே சொந்த முயற்சியில் வெளியிட்ட இரட்டை ஆல்பம் இது. விமர்சகர்கள் கொண்டாடிய பிறகு, 2002-ல் லாஸ்ட் ஹைவே நிறுவனம் மறுவெளியீடு செய்தது.

1977 விமான விபத்தில் பாடகர் ரானி வான் ஸான்ட்டை இழந்த லினர்ட் ஸ்கினர்ட் ராக் குழுவின் கதையோடு, அமெரிக்கத் தென்மாநிலமான அலபாமாவில் வளர்ந்த தலைமுறையின் பெருமையையும் அவமானத்தையும் சேர்த்தே பேசுகிறது. இனப்பிரிவினையை ஆதரித்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் இடம் என்னை உலுக்கிவிட்டது. கிட்டார்களின் பேரிரைச்சலுக்கு நடுவே எத்தனை நேர்மை!

தேசிய இதழ்களின் பாராட்டுகள் எளிதில் கிடைக்கின்றன. எனக்குத் தேவை, தென்மாநில உள்ளூர்ப் பத்திரிகைகள் அன்று எழுதியவை. தங்கள் ஊரைப் பற்றிய இந்தக் கணக்குத்தீர்ப்பை அந்த மண்ணின் வாசகர்கள் எப்படி ஏற்றார்கள்? அலபாமாவின் பர்மிங்ஹாம், ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா, குழு இயங்கிய அதே மாநிலத்து ஏதென்ஸ் பக்கம் வசிப்பவர்கள் நூலகத்தில் பழைய இதழ்களைப் பார்த்துச் சொல்ல முடியுமா? 2002 இறுதி வரை தேடினால் போதும். கடுமையாகக் குறை சொன்ன விமர்சனமானால் இன்னும் நல்லது. பக்கத்தின் புகைப்படமும் இதழின் தேதியும் அனுப்பினால் பேருதவியாக இருக்கும்.